சிறப்புச் சார்பியலுக்குள் லோபசெவ்ஸ்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளிக் கணிதமும் சிறப்புச் சார்பியலின் அறிமுகமும் இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துவிடலாம். ஒளியின் வேகத்தை எல்லா இடத்திலும் 1 என்றே வைத்திருக்கிறேன். 0.8 என்று எழுதினால் ஒளியின் வேகத்தில் 80 சதவீதம் என்று பொருள்.

அதிபரவளைய வடிவியலுக்கும் சிறப்புச் சார்பியலுக்கும் என்னதான் தொடர்பு?

ஒரு பொருளுக்கு இருக்கக்கூடிய திசைவேகங்கள் எல்லாவற்றையும் திரட்டி ஒரு வெளியாகப் பாருங்கள். அந்த வெளியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு திசைவேகம், அதாவது முடுக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு பார்வையாளர். இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம், அந்த இரண்டு பார்வையாளர்களின் சார்பு வேகத்தைச் சொல்கிறது. நியூட்டனின் இயற்பியலில் இந்த வெளி யூக்ளிடின் வெளி. சிறப்புச் சார்பியலில் இது லோபசெவ்ஸ்கியின் அதிபரவளைய வெளி.

இது மேலோட்டமான ஒற்றுமை இல்லை. அந்த வடிவியலில் உள்ள ஒவ்வொரு தேற்றமும் திசைவேகங்களைப் பற்றிய உண்மையாக இங்கே மறுபடி வருகிறது.

அதிபரவளைய வடிவியலைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக அந்தக் கோட்டைச் சந்திக்காத கோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றார் யூக்ளிட். ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு என்று வைத்துக்கொண்டு தொடங்கினாலும் முரண்பாடு வராது. ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கி இதை 1829-இல் வெளியிடத் தொடங்கினார். ஹங்கேரியில் போயாய் 1832-இல் தனியாக வெளியிட்டார். காஸுக்கும் இது தெரிந்திருந்தது, ஆனால் அவர் வெளியிடவில்லை. இந்த வடிவியலில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாகவே வரும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுதான் முக்கோணத்தின் பரப்பு. இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் கையில் வைத்திருந்தால் போதும்.

அப்படியென்றால் நாம் வாழும் வெளி வளைந்திருக்கிறது என்று சொல்கிறீர்களா?

இல்லை. அதிகமாக வரும் குழப்பம் இதுதான். சிறப்புச் சார்பியலின் காலவெளி தட்டையானது, வளைவு துளியும் கிடையாது. வளைந்திருப்பது திசைவேகங்களின் வெளி. ஈர்ப்பால் காலவெளியே வளைவது பொதுச் சார்பியலின் விஷயம், அதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

தட்டையான ஒன்றுக்குள் வளைந்த ஒன்று எப்படி இருக்க முடியும் என்று கேட்கலாம். தட்டையான முப்பரிமாண வெளிக்குள்தானே கோளத்தின் வளைந்த பரப்பும் இருக்கிறது? இதுவும் அதே மாதிரிதான். கோளத்துக்குப் பதில் இங்கே வருவது ஒரு அதிபரவளையப் பரப்பு.

அந்தப் பரப்பு எங்கிருந்து வருகிறது?

மின்கோவ்ஸ்கியின் காலவெளியில் இருந்து. 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் அவர் காலத்தையும் வெளியையும் ஒரே நாற்பரிமாண அமைப்பாக முன்வைத்தார். அங்கே தூரத்தின் வர்க்கம் என்பது காலத்தின் வர்க்கத்தில் இருந்து இடத்தின் வர்க்கங்களைக் கழித்தால் கிடைப்பது.

ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் இருந்து எல்லாத் திசைகளிலும் எல்லா வேகங்களிலும் பார்வையாளர்கள் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தன் கடிகாரத்தில் ஒரு நொடி ஆனதும் தான் இருக்கும் இடத்தில் ஒரு குறி வைக்கிறார். அந்தக் குறிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணம் போன்ற பரப்பு ஆகும். காலத்தின் வர்க்கம் கழித்தல் இடத்தின் வர்க்கம் சமம் 1 என்பது அதன் சமன்பாடு. அந்தப் பரப்பின் மேல் மின்கோவ்ஸ்கியின் அளவுகோலை வைத்தே தூரம் அளந்தால் கிடைப்பது லோபசெவ்ஸ்கியின் வெளி. தாளில் வரையும்போது கிண்ணத்தின் விளிம்புப் பகுதிகள் அடிப்பகுதியில் இருந்து வேறுபட்டுத் தெரியும். அது தாளின் குற்றம். உண்மையில் அந்தப் பரப்பில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று சமம், எந்தப் பார்வையாளரும் நடுவில் இல்லை. சார்பியல் கொள்கை சொல்வதும் அதைத்தான்.

1930-களில் மில்ன் இந்தப் பரப்பையே ஒரு பிரபஞ்ச மாதிரியாக எடுத்துக்கொண்டார். அதில் காலவெளி தட்டை, ஆனால் 'இந்தக் கணத்தில் பிரபஞ்சம்' என்று வெட்டி எடுத்த துண்டு மட்டும் அதிபரவளைய வெளி. உண்மையான பிரபஞ்சத்தில் பொருள் நிறைந்திருப்பதால் அந்த மாதிரி அதற்குப் பொருந்தாது. ஆனாலும் கருத்தைப் புரிந்துகொள்ள மிகவும் நல்ல மாதிரி.

ரப்பிடிட்டி என்பது என்ன? அது ஏன் வேண்டும்?

0.5 வேகத்தில் போகும் கலத்தில் இருந்து, அதே திசையில், கலத்தைப் பொறுத்து 0.5 வேகத்தில் ஒன்றை எறிந்தால் நமக்கு அது 1 வேகத்தில் போவதாகத் தெரியாது. இரண்டையும் கூட்டி, (1 + 0.5 × 0.5) ஆல் வகுக்க வேண்டும். 1 வகுத்தல் 1.25, அதாவது 0.8.

வேகங்கள் நேராகக் கூடுவதில்லை. ஆனால் நேராகக் கூடும் அளவு ஒன்று உண்டு. ஒரு வேகத்தின் ரப்பிடிட்டி வேண்டுமென்றால், 1 கூட்டல் வேகத்தை 1 கழித்தல் வேகத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையைப் பாதியாக்குங்கள். 0.5-க்கு அது 0.549. 0.8-க்கு 1.099, சரியாக இரண்டு மடங்கு. வேகம் என்பது ரப்பிடிட்டியின் டான்ஹ் (tanh) மதிப்பு. நேரம் நீள்வதைச் சொல்லும் காமா காரணி அதன் காஷ் (cosh) மதிப்பு. இரண்டும் அதிபரவளையச் சார்புகள். ஒளியின் வேகத்துக்கு ரப்பிடிட்டி முடிவிலி, அதனால்தான் எவ்வளவு கூட்டினாலும் அங்கே போய்ச் சேர முடிவதில்லை. இந்தப் பெயரை 1911-இல் வைத்தவர் ஆல்ஃபிரட் ராப்.

கணக்குக்கு வசதியான தந்திரம் மட்டும்தானா இது என்றால், இல்லை. ராக்கெட்டுக்கு உள்ளே இருப்பவர் தான் உணரும் முடுக்கத்தைத் தன் கடிகாரப்படி கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது ரப்பிடிட்டிதான். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் ஓர் ஆண்டு போனால் ரப்பிடிட்டி ஏறத்தாழ 1.03 ஏறும். அடுத்த ஆண்டும் அதே 1.03, அதற்கடுத்த ஆண்டும் அதே. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அந்த மூன்று ஆண்டு முடிவுகளிலும் வேகம் 0.774, 0.968, 0.996. உள்ளே இருப்பவருக்கு எதுவும் மந்தமாவதாகத் தெரிவதில்லை.

டான்ஹ், காஷ் எல்லாம் வந்துவிட்டதே, இதுதானே அதிபரவளைய வடிவியல்?

இன்னும் இல்லை. பல பாடப்புத்தகங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஒரே திசையில் போகும் திசைவேகங்கள் ஒரு கோடு. கோட்டுக்கு என்று தனியாக ஒரு வளைவு கிடையாது. யூக்ளிடின் கோடும் லோபசெவ்ஸ்கியின் கோடும் ஒன்றேதான், இரண்டிலும் தூரங்கள் நேராகக் கூடும். ரப்பிடிட்டி நேராகக் கூடுகிறது என்பது இரண்டு வடிவியலுக்கும் பொது. எனவே அங்கே லோபசெவ்ஸ்கி தேவையே இல்லை. திரும்பும்போதுதான், அதாவது இரண்டாவது திசை ஒன்று வந்து முக்கோணம் உருவாகும்போதுதான், வித்தியாசம் வெளியே வருகிறது.

சரி, ஒரு முக்கோணத்தைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.

நான் நிற்கிறேன். என்னைப் பொறுத்து ஒரு கலம் கிழக்கே 0.8 வேகத்தில் போகிறது. இன்னொரு கலம் வடக்கே 0.8 வேகத்தில் போகிறது. திசைவேக வெளியில் இவை மூன்று புள்ளிகள்: நான், கிழக்குக் கலம், வடக்குக் கலம். என்னிடம் உள்ள கோணம் 90 பாகை. என்னிடம் இருந்து கிளம்பும் இரண்டு பக்கங்களும் தலா 1.099.

மூன்றாவது பக்கம்? அதிபரவளைய வடிவியலில் செங்கோண முக்கோணத்துக்கான பித்தாகரஸ் விதியில் வர்க்கங்களின் கூடுதல் கிடையாது. கர்ணத்தின் காஷ் மதிப்பு, மற்ற இரண்டு பக்கங்களின் காஷ் மதிப்புகளைப் பெருக்கினால் வரும். 0.8-க்குக் காமா 5/3. பெருக்கினால் 25/9, அதாவது 2.778. அதற்குரிய வேகம் 0.933. ரப்பிடிட்டியாகச் சொன்னால் 1.681. யூக்ளிடின் விதிப்படி இந்தப் பக்கம் 1.554 என்று வந்திருக்கும். வேகங்களையே யூக்ளிடின் முறையில் கூட்டியிருந்தால் 1.13 வந்து ஒளியைத் தாண்டியிருக்கும்.

இதைச் சார்பியலின் வழக்கமான வழியிலும் சரிபார்த்துவிடலாம். கிழக்குக் கலத்தில் இருப்பவர் என்ன பார்க்கிறார்? நான் மேற்கே 0.8 வேகத்தில் விலகுகிறேன். வடக்குக் கலமும் மேற்கே 0.8 வேகத்தில் விலகுகிறது, கூடவே வடக்கேயும் போகிறது. ஆனால் நேரம் நீள்வதால் அந்த வடக்கு வேகம் அவருக்கு 0.8 இல்லை, 0.8 × 0.6, அதாவது 0.48. மேற்கே 0.8, வடக்கே 0.48 என்றால் மொத்தம் 0.933. அதே விடை.

இப்போது கோணத்தைப் பாருங்கள். அவர் பார்வையில் என் திசைக்கும் வடக்குக் கலத்தின் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் டான் மதிப்பு 0.48 / 0.8 = 0.6. கோணம் 30.96 பாகை. வடக்குக் கலத்தில் இருப்பவருக்கும் அதே கோணம்தான். நியூட்டன் காலத்து இயற்பியலில் இரண்டும் 45 ஆக இருந்திருக்கும். கூட்டிப் பாருங்கள்: 90 + 30.96 + 30.96 = 151.93. முக்கோணத்தில் 28.07 பாகை குறைகிறது.

அந்த 28.07 பாகை எங்கே போயிற்று?

அது ஒரு சுழற்சியாக வெளிப்படுகிறது.

ஒரு சுழல்காட்டியை, அதாவது அச்சின் திசையை மாற்றாமல் வைத்திருக்கும் ஜைராஸ்கோப்பை, கையில் எடுத்துக்கொண்டு இந்த முக்கோணத்தைச் சுற்றி வாருங்கள். முதலில் நேராக முடுக்கி கிழக்குக் கலத்தின் வேகத்தை எட்டுங்கள். அங்கிருந்து நேராக முடுக்கி வடக்குக் கலத்தின் வேகத்துக்குப் போங்கள். பிறகு என் வேகத்துக்கே திரும்பி வாருங்கள். வழியில் எங்கேயும் சுழல்காட்டியை யாரும் திருப்பவில்லை. ஆனாலும் முடிவில், என்னிடமே இருந்த இன்னொரு சுழல்காட்டியோடு ஒப்பிட்டால், அதன் அச்சு 28.07 பாகை திரும்பியிருக்கும். (இந்த இரண்டு திசைகளும் அடங்கிய தளத்தில் அச்சு இருந்தால்.)

இதற்குத் தாமஸ்–விக்னர் சுழற்சி என்று பெயர். லோரன்ஸ் உருமாற்ற அணிகளைப் பெருக்கி வருவித்தால் இரண்டு பக்கம் இயற்கணிதம் ஓடும், கடைசியில் விடை ஏன் வந்தது என்றும் புரியாது. லோபசெவ்ஸ்கியின் மொழியில் ஒரே வரி: திருப்பம் என்பது முக்கோணத்தின் கோணக் குறை, அதாவது அதன் பரப்பு.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

ஹைட்ரஜனின் நிறமாலையில் இது பதிந்தே இருக்கிறது. 1925-இல் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று உலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்வைத்தபோது, நிறமாலைக் கோடுகள் பிரியும் அளவு சோதனையில் கண்டதைப் போல இரண்டு மடங்காக வந்தது. 1926-இல் லூவெலின் தாமஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். எலக்ட்ரான் சுற்றும்போது அதன் திசைவேகம் ஓயாமல் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தாலேயே தற்சுழற்சி அச்சும் திரும்புகிறது. அதைச் சேர்த்ததும் அந்த இரண்டு மடங்கு பாதியாகிவிட்டது.

நம் வெளியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றும் பொருள் திசைவேக வெளியிலும் ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்தின் பரப்பு, காமாவில் இருந்து 1-ஐக் கழித்து 2 பையால் பெருக்கினால் வருவது. ஒரு சுற்றுக்கு அச்சு திரும்பும் கோணமும் அதுவேதான், சுற்றும் திசைக்கு எதிராக. 0.8 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 240 பாகை. ஹைட்ரஜனில் எலக்ட்ரானின் வேகம் ஏறத்தாழ 1/137 என்பதால் ஒரு சுற்றுக்கு ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஒப்பிட வேண்டிய காந்த விளைவும் அதே அளவுக்குச் சின்னது. அதனால்தான் விடையையே பாதியாக்க முடிகிறது.

பெல்ட்ராமி–கிளைன் வட்டு, பாயின்கரே வட்டு என்று இரண்டு படங்கள் வருகின்றனவே, எது சரி?

இரண்டும் சரி. உலக உருண்டையைத் தாளில் விரிக்கப் பல வரைபட முறைகள் இருப்பதைப் போல, ஒரே வெளிக்கு இரண்டு வரைபடங்கள். கிளைனின் வட்டில் மையத்தில் இருந்து புள்ளியின் தூரம் என்பது நேரடியாக வேகம்தான். 0.8 வேகம் 0.8-இல் இருக்கும். முடுக்கமற்ற இரண்டு பார்வையாளர்களுக்கு இடையே உள்ள நேர்கோடு அங்கே நேராகவே தெரியும், ஆனால் கோணங்கள் சிதையும். பாயின்கரேயின் வட்டில் பாதி ரப்பிடிட்டிக்குரிய வேகத்தைக் குறிப்பார்கள். 0.8 அங்கே 0.5-இல் இருக்கும். நேர்கோடுகள் வில்லாக வளையும், ஆனால் கோணங்கள் உண்மையாக இருக்கும். என் விருப்பம் கிளைனின் வட்டு, இயற்பியலாளர் அளக்கும் எண் அதில் அப்படியே தெரிகிறது.

ஒளி இந்த வெளியில் எங்கே இருக்கிறது?

வட்டின் எல்லையில். அது வெளியைச் சேர்ந்த புள்ளி இல்லை, முடிவிலியில் உள்ள புள்ளி. ஒளிக்கதிரோடு சேர்ந்து பயணிக்கும் பார்வையாளர் கிடையாது என்பதற்கு இதுவே படம்.

இனி வருவதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. இரண்டு பார்வையாளர்கள் ஒரே ஒளிக்கதிரைப் பார்க்கிறார்கள் என்றால், வடிவியலில் அது இரண்டு புள்ளிகளில் இருந்து முடிவிலியில் உள்ள ஒரே புள்ளியை நோக்கிப் போகும் இரண்டு கோடுகள். லோபசெவ்ஸ்கி இணைகோடுகள் என்று அழைத்தது இவற்றைத்தான். ஒரு கோடு அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் மற்றது 90-க்குக் குறைவான ஒரு கோணத்தில் சாயும். அந்தக் கோணம் தூரத்தைப் பொறுத்தது. அதற்கு அவர் எழுதிய வாய்ப்பாடு: கோணத்தில் பாதியின் டான் மதிப்பு, எதிர்மத் தூரத்தை அடுக்காகக் கொண்ட இயல் அடுக்குச் சார்பு.

சார்பியலில் ஒளியின் பிறழ்ச்சிக்கு எழுதும் வாய்ப்பாடும் இதேதான், ஓர் எழுத்து மாறாமல். ஒரு நட்சத்திரத்தின் ஒளி, என் பார்வையில் கலம் போகும் திசைக்குச் செங்குத்தாக வருகிறது என்றால், 0.8 வேகத்தில் போகும் கலத்தில் அது முன்பக்கத்தில் இருந்து 36.87 பாகையில் தெரியும். லோபசெவ்ஸ்கியின் இணைகோணம் 1.099 தூரத்துக்கு அதுவே.

பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர், அதாவது 0.0001. இணைகோணம் 90-இல் இருந்து ஏறத்தாழ 20.5 விகலை குறையும். 1720-களின் இறுதியில் பிராட்லி தொலைநோக்கியில் கண்ட நட்சத்திரப் பிறழ்ச்சி இதுவே. லோபசெவ்ஸ்கியோ தன் வடிவியல் இயற்கையில் உண்டா என்று நட்சத்திரங்களின் இடமாறு தோற்ற அளவுகளை வைத்துத் தேடினார், எதுவும் அகப்படவில்லை. அவர் தேடியது சாதாரண வெளியில். நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிராட்லி அளந்து வைத்திருந்த எண்ணை அவருடைய வாய்ப்பாடு தருகிறது, வேறொரு வெளியில்.

மெதுவான வேகங்களில் இந்த வளைவு ஏன் தெரிவதில்லை?

வெளியின் மிகச் சிறிய துண்டுக்குள்ளேயே நடமாடுகிறோம் என்பதால். எந்த வளைந்த வெளியும் சிறு துண்டில் தட்டையாகத்தான் தெரியும். திசைவேக வெளியின் வளைவு, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் 1-ஐ வகுத்து எதிர்மக் குறி போட்டால் வருவது. ஒளியின் வேகம் முடிவிலியாக இருந்திருந்தால் வளைவு பூஜ்யம், யூக்ளிடே போதும்.

இதை முதலில் கண்டது யார்?

ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. 1909-இல் சோமர்ஃபெல்ட், சார்பியலின் திசைவேகக் கூட்டல் என்பது ஆரம் கற்பனை எண்ணாக உள்ள கோளத்தின் மேல் போடும் முக்கோணக் கணக்கு என்று காட்டினார். அதைப் பார்த்து 1910-இல் ஜாக்ரெபைச் சேர்ந்த வ்லாடிமிர் வரிச்சாக், அது லோபசெவ்ஸ்கியின் வடிவியலே என்று வெளிப்படையாக எழுதித் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். மேலே சொன்ன பிறழ்ச்சி–இணைகோணத் தொடர்பு அவருடையது. அதே 1910-இல் கிளைன் லோரன்ஸ் குலத்தின் வடிவியல் அடித்தளத்தை எழுதினார். 1913-இல் எமில் போரெல் கோணக் குறையையும் அதனால் வரும் திருப்பத்தையும் சொல்லிவிட்டார், தாமஸுக்குப் பதிமூன்று ஆண்டுகள் முன்னதாக. பாயின்கரே இரண்டு துறைகளிலும் ஆழமாக வேலை செய்தவர், ஆனால் இந்த இணைப்பு மற்றவர்கள் கையில்தான் வெளியே வந்தது.

இவ்வளவு அழகாக இருந்தும் ஏன் பாடத்தில் இல்லை?

மின்கோவ்ஸ்கியின் நாற்திசையன்கள் கணக்குக்கு எளிது. மின்காந்தவியலும் அதில் அப்படியே அடங்கிவிடுகிறது. லோபசெவ்ஸ்கியின் மொழியோ திசைவேகங்களை மட்டும் பேசும், புலங்களைப் பேசாது. 1915-க்குப் பிறகு எல்லோர் கவனமும் பொதுச் சார்பியலின் பக்கம் போய்விட்டது. இயற்பியல் மாணவருக்கு அதிபரவளைய வடிவியலைத் தனியாகக் கற்பிக்க நேரமும் இல்லை. காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் தாமஸ் சுழற்சியை நடத்தும் அந்த ஒரு வகுப்பிலாவது முக்கோணத்தை வரைந்து காட்டலாம்.

இன்றைக்கு இதை யார் பயன்படுத்துகிறார்கள்?

துகள் இயற்பியலாளர்கள், தினமும். செர்ன் மோதுவியில் சிதறும் துகள்களை மோதல் அச்சின் திசையில் ரப்பிடிட்டியால் குறிக்கிறார்கள். மோதிய பகுதி மொத்தமாக அச்சின் வழியே எந்த வேகத்தில் போனாலும் துகள்களின் ரப்பிடிட்டி வித்தியாசங்கள் மாறாது என்பதே காரணம். துகளின் நிறை தெரியாதபோது கோணத்தை மட்டும் வைத்து அவர்கள் கணக்கிடும் போலி ரப்பிடிட்டி ஒன்று உண்டு: கோணத்தில் பாதியின் டான் மதிப்பை எடுத்து, மடக்கை கண்டு, குறியை மாற்றுவது. மேலே வந்த இணைகோண வாய்ப்பாட்டைத் தலைகீழாகத் திருப்பியதுதான் இது. உணர்கருவி 2.5 வரை பார்க்கும் என்று அவர்கள் சொன்னால், அச்சில் இருந்து 9.4 பாகை வரை என்று பொருள்.

நானே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு?

மேலே உள்ள முக்கோணத்தில் 0.8-க்குப் பதில் 0.6 வையுங்கள். காமா 1.25. மற்ற இரண்டு கோணங்களும் தலா 38.66 பாகை, கோணக் குறை 12.68 என்று வர வேண்டும். அடுத்து, உங்களிடம் உள்ள செங்கோணத்தை 60 பாகையாகச் சுருக்குங்கள். யூக்ளிடின் வெளியில் மூன்று பக்கமும் சமமாகி, இரண்டு கலங்களின் சார்பு வேகமும் 0.6 ஆகவே வந்திருக்கும். இங்கே பொதுவான கொசைன் விதி வேண்டும்: இரண்டு காஷ் மதிப்புகளின் பெருக்கலில் இருந்து, இரண்டு சைன்ஹ் (sinh) மதிப்புகளையும் கோணத்தின் கொசைனையும் பெருக்கிக் கழியுங்கள். 0.6-க்குச் சைன்ஹ் 0.75. விடையாக வரும் காமா 1.281, சார்பு வேகம் 0.625.